பதினெட்டு நாள் நார்மல்

வழியனுப்பு விழாவுல நீங்க ஜூனியர் டயட்டீஷியன் நாலு பேரும் எனக்கு சால்வை போத்திட்டு, "மேடம், எங்களுக்கு உதவுற மாதிரி அஞ்சு டிப்ஸ் சொல்லுங்க"ன்னு மைக்கைக் கையில திணிச்சீங்க. திடீர்னு கேட்டா எவளுக்கு வாயில வரும்? "தண்ணி நிறைய குடிங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். டயட்டீஷியனா இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டினவ கடைசியா சொன்ன அறிவுரை அது. காட்டூர் பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஏன்னா என் வேலையில நான் பண்ண பெரிய தப்பே தண்ணி விஷயத்துலதான்.

அன்னிக்கு மேடையில சொல்லாததை இப்ப எழுதுறேன். டிப்ஸ் எல்லாம் இல்லை. உங்க போன்லயே ஆயிரம் டிப்ஸ் இருக்கு. அதுல இல்லாதது ஒண்ணுதான், நான் ஒரு டீச்சரோட உடம்பைக் கிட்டத்தட்ட கெடுத்த கதை.

எடை குறைக்கிற ஆபரேஷன் நம்ம ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச புதுசுல, அந்த நோயாளிங்களுக்கு சாப்பாட்டு ஆலோசனை முழுக்க என் பொறுப்புதான். இரைப்பையை வெட்டிச் சுருக்கி ஒரு பூவன்பழம் அளவுக்கு ஆக்கிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த வயிறு எதை ஏத்துக்கும், எதைத் திருப்பி அனுப்பும்னு அதுக்கே தெரியாது. நேத்து வரைக்கும் தேவாமிர்தமா இருந்த பால் இன்னிக்கு வாடையே ஆகாது. இட்லி உள்ள போகும், அதே மாவுல ஊத்தின தோசை நெஞ்சுல நிக்கும். குமட்டல் வரும், வாந்தி வரும். வந்தா உடனே டயட்டீஷியனைத்தான் கூப்பிடுவாங்க. சர்ஜனைக் கூப்பிட பயம், நம்மளைக் கூப்பிட என்ன பயம்?

நானும் அவங்க பயப்படுற மாதிரி நடந்துக்க மாட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். மலைக்கோட்டைப் பக்கம் நகைக்கடை வெச்சிருந்த ஒருத்தர், ஆபரேஷன் முடிஞ்ச ஒன்பதாம் நாள் பிரியாணியை மிக்ஸியில அடிச்சுக் குடிச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. "திரவமா சாப்பிடச் சொல்லித்தான மேடம் எழுதிக் கொடுத்தீங்க?"ன்னாரு. "எலும்போட அடிச்சீங்களா, எடுத்துட்டு அடிச்சீங்களாண்ணே?"ன்னு கேட்டேன். வெளியில உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பத்தியம் தவறலை. இப்படி ஒரு பத்து பேர்கிட்ட என் கிண்டல் பலிச்சிருச்சு. பலிச்சா என்ன ஆகும்? தலைக்கு ஏறும். என் கிண்டல்தான் மருந்துன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன்.

அப்பதான் ஸ்ரீரங்கத்துலேர்ந்து வைதேகி டீச்சர் வந்தாங்க. பேரை மாத்தியிருக்கேன், தேடாதீங்க. நாப்பத்தி மூணு வயசு. பெண்கள் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். முட்டி ரெண்டும் போய், நாலு வருஷமா நாற்காலியில உட்கார்ந்துதான் பாடம் எடுத்திருக்காங்க. போர்டுல எழுதுறதுக்கு வகுப்புல ஒரு பொண்ணைக் கூப்பிடணும். "ஒரு பீரியட் முழுக்க நின்னுண்டு நானே போர்டுல கணக்கு போடணும் மேடம். வேற ஆசையே இல்லை"ன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னாங்க. அப்பவும் நான் சும்மா இருந்தேனா? "பிள்ளைங்க பாவம் டீச்சர், இவ்வளவு நாள் நிம்மதியா இருந்துச்சுங்க"ன்னேன். சிரிச்சாங்க. அவங்க எதுக்குமே சிரிக்கிற ஆளு. அதை நான் சரியாப் புரிஞ்சுக்கலை.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. வார்டுல இருந்த வரைக்கும் நர்ஸ் ஸ்பூனால கஞ்சித் தண்ணி கொடுத்தாங்க, எல்லாம் உள்ள நின்னுச்சு. வீட்டுக்குப் போகும்போது என் தாளைக் கொடுத்தேன். அரைமணிக்கு ஒரு தடவை முப்பது மில்லி, சிப் பண்ணிக் குடிங்கன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். என்ன குடிச்சீங்க, எப்படி இருந்துச்சுன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்னும் சொல்லியிருந்தேன்.

பத்தாம் நாள் வீட்டுக்காரரோட வந்தாங்க. அவர் பேங்குல வேலை பார்க்கிறவர், சாதுவான மனுஷன். டீச்சர் மெதுவா சொன்னாங்க, "எது சாப்பிட்டாலும் கொமட்டறது மேடம். வாந்தியும் வரது."

நான் என்ன கேட்டிருக்கணும்? எப்ப வருது, எத்தனை தடவை, எதுக்கு அப்புறம் வருதுன்னு கேட்டிருக்கணும். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"கோயில் பக்கத்துல வீட்டை வெச்சுக்கிட்டு வாய் சும்மா இருக்குமா டீச்சர்? உண்மையைச் சொல்லுங்க, அக்காரவடிசல் எத்தனை டம்ளர் உள்ள போச்சு?"

கதவு திறந்திருந்துச்சு. வெளியில இருந்தவங்க சிரிச்சாங்க. வீட்டுக்காரரும் சிரிச்சுட்டாரு. டீச்சரும் சிரிச்சாங்க. "அப்படியெல்லாம் இல்லை மேடம்"னாங்க. "பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். கண்ணுல ஒத்திக்கிட்டு வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துருங்க, அவருக்கு உடம்பு வேணும்"னு அதுக்கு மேலயும் ஒண்ணு போட்டேன். இன்னொரு தடவை சிரிப்பு. வாந்திக்கு டாக்டர்கிட்ட மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

அதுவரைக்கும் வராத நோட்டு போட்டோ அடுத்த நாள்லேர்ந்து தினமும் வந்துச்சு. கஞ்சித் தண்ணி முப்பது மில்லி, நார்மல். மோர் முப்பது மில்லி, நார்மல். பருப்புத் தண்ணி, நார்மல். வைட்டமின் மருந்து, நார்மல். கணக்கு டீச்சர் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி இருக்கும். நானும் தினமும் ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பினேன். பார்த்தீங்களா, என் ஒரு கிண்டல்ல டீச்சர் வாயைக் கட்டிட்டாங்கன்னு மத்த நோயாளிங்ககிட்ட பெருமை வேற.

பதினெட்டு நாள் இப்படிப் போச்சு. பத்தொன்பதாம் நாள் காலையில பத்து மணி இருக்கும், கேஷுவால்டியிலேர்ந்து போன். "உங்க பேஷன்ட் ஒருத்தங்க வந்திருக்காங்க மேடம், ஸ்ரீரங்கம் டீச்சர்." போனேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு, காலை அகட்டி அகட்டி வெச்சு நடந்து வந்துக்கிட்டிருந்தாங்க. வீட்டுக்காரர் ஒரு கையைத் தாங்கியிருந்தாரு.

"மேடம், வரும்போது ராஜகோபுரம் ரெண்டா தெரிஞ்சுது"ன்னாங்க.

வழக்கமா இதுக்கு என் வாயில ரெண்டு ஜோக் வந்திருக்கும். அன்னிக்கு பாடப்புத்தகம்தான் ஞாபகம் வந்துச்சு. தொடர்ந்து வாந்தி எடுக்கிறவங்களுக்கு பி1 வைட்டமின் தீர்ந்து போச்சுன்னா கண்ணு ரெண்டு ரெண்டா காட்டும், நடை தள்ளாடும், அப்புறம் மூளையில ஞாபகத்துக்கு உள்ள இடத்தைப் பிடிக்கும். ஞாபகம் போனா திரும்பாமலே போகலாம். படிச்சிருக்கேன், பாடமே எடுத்திருக்கேன். ஆனா இவங்களுக்குத்தான் வாந்தியே இல்லையே, பதினெட்டு நாளும் நார்மலாச்சே.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன். நாக்கு வறண்டிருக்கு, சோர்வா இருக்காங்கன்னு குளுக்கோஸ் ஏத்தச் சொல்லிட்டாரு. நர்ஸ் பாட்டிலை மாட்டிட்டாங்க. பி1 இல்லாத உடம்புல முதல்ல குளுக்கோஸை ஏத்தினா, ஒட்டிக்கிட்டு இருக்கிற கொஞ்சநஞ்சமும் அதுல செலவாயிடும். சர்ஜன் உள்ள ஆபரேஷன்ல இருக்காரு. என் கையில இருக்கிற ஒரே ஆதாரம் வீட்டுக்காரர் கொண்டு வந்திருந்த அந்த நோட்டு. அது நான் நினைக்கிறதுக்கு நேர் எதிரா சொல்லுது.

"டாக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க. முதல்ல பி1 ஊசி போட்டுட்டு அப்புறம் ஏத்துங்க"ன்னேன்.

"வாந்தி இருந்துச்சா?"

"இல்லை"ன்னு டீச்சர் சொன்னாங்க. என்னைப் பார்க்காம சொன்னாங்க.

"அவங்களே இல்லைங்கிறாங்களே மேடம்"னாரு டாக்டர். வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நான் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போயிடறேன் மேடம், எனக்குத் தெரிஞ்சு இல்லை"ன்னாரு.

டீச்சர் பக்கத்துல உட்கார்ந்தேன். "டீச்சர், பதிமூணேழு எவ்வளவு?"ன்னு கேட்டேன்.

சிரிச்சாங்க. வாயைத் திறந்தாங்க. "எண்பத்தி..."ன்னு ஆரம்பிச்சு நின்னுட்டாங்க. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாங்க, பரீட்சையில பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. இருபது வருஷமா வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவங்க.

அப்புறம் எப்படித் தோணிச்சுன்னு தெரியலை. நோட்டைக் கையில எடுத்துக்கிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "உங்க வகுப்புல ஒரு பொண்ணு பதினெட்டு பரீட்சையிலயும் நூத்துக்கு நூறு வாங்குது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. என்ன டீச்சர் நினைப்பீங்க?"

டீச்சர் நோட்டை என் கையிலேர்ந்து வாங்கி மூடினாங்க. அப்புறம், "காப்பி அடிச்சிருக்கான்னு நினைப்பேன்"னாங்க. சொல்லிட்டு அழுதாங்க.

ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை வாந்தி. வைட்டமின் மருந்து ஒரு நாள் கூட உள்ள நிக்கலை. வீட்டுக்காரர் ஆபீஸ் போறவரைக்கும் அடக்கி வெச்சுக்கிட்டு, அவர் வண்டி தெருமுனை திரும்பினதும் கொல்லைப்பக்கம் ஓடியிருக்காங்க. டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினாரு. பி1 ஊசி போட்டாங்க, அதுக்கப்புறம்தான் பாட்டிலைத் திறந்தாங்க. சர்ஜன் வெளியில வந்து கேட்டுட்டு, "சரியாத்தான் பண்ணியிருக்கீங்க"ன்னாரு. சரியாப் பண்ணது அந்தக் கால் மணிநேரம்தான், அதுக்கு முன்னாடி பதினெட்டு நாளும் நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்களும் அப்படி ஒரு நாள் வந்தா உடனே சொல்லிடுங்க. ஒரு ராத்திரி தள்ளிப் போட்டாலே அதுக்கு ஆயிரம் சமாதானம் முளைச்சுரும்.

மூணாம் நாள் கண்ணு நேராச்சு. நடை நிதானத்துக்கு வர இன்னும் பத்து நாள் ஆச்சு. தினமும் காலையில வார்டுக்குப் போய் "பதிமூணேழு?"ன்னு கேட்பேன். முதல் ரெண்டு நாள் தப்பாச் சொன்னாங்க. அந்த ரெண்டு நாளும் நான் வீட்டுக்குப் போய் சாப்பிடலை. மூணாம் நாள் நான் கதவைத் திறக்கும்போதே, "தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தொண்ணு, போறுமா?"ன்னாங்க. அவ்வளவு அழகான எண்ணை நான் கேட்டதே இல்லை.

ஆனா வாந்தி நிக்கலையே. டியூப் விட்டுப் பார்த்தாச்சு, வழியில எந்த அடைப்பும் இல்லை. "என் வேலையில குத்தம் இல்லை. உங்க பக்கம் தேடுங்க"ன்னு சர்ஜன் ஒரு சிரிப்பு சிரிச்சாரு. நியாயம்தான். நான் ஊரையே சிரிக்க வெச்சவ, எனக்கும் ஒரு நாள் வேணும்தானே.

தாளை எடுத்து வெச்சுக்கிட்டுத் தேடினேன். மோரா? நிறுத்திப் பார்த்தோம். பருப்பா? நிறுத்தினோம். வெறும் வெந்நீருக்கே நுரை நுரையா வந்துச்சு. கடைசியில கேள்வி கேக்கிறதை விட்டுட்டு, ஒரு மத்தியானம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பேசலை. எனக்கு அது எவ்வளவு பெரிய தவம்னு உங்களுக்குத் தெரியும்.

மணி ரெண்டரை ஆச்சு. டீச்சர் எழுந்து உட்கார்ந்தாங்க. அளவு டம்ளர்ல முப்பது மில்லி வெந்நீர் அளந்து, வீட்டிலேர்ந்து வந்த வெள்ளி டம்ளர்ல ஊத்தினாங்க. ஒரு சொட்டு கூடக் குறைய இல்லை. அப்புறம் டம்ளரைத் தூக்கினாங்க, தலையைச் சாய்ச்சாங்க, அண்ணாந்து ஒரே மடக்கு. உதட்டுல படவே இல்லை. கீழே வெச்சுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டாங்க. நாலு நிமிஷத்துல குமட்டல்.

அளவு சரி, நேரம் சரி. ஆனா பூவன்பழம் மாதிரி இருக்கிற வயித்துல முப்பது மில்லியும் ஒண்ணா விழுது, கூடவே அண்ணாந்து குடிக்கும்போது முழுங்கின காத்தும் போகுது. திருப்பி அனுப்பாம என்ன பண்ணும்? வார்டுல முதல்ல ஸ்பூனால கொடுத்ததால யாருக்கும் தெரியாமப் போச்சு. அரைமணிக்கு ஒரு தடவை வீட்டுல இப்படித்தான் நடந்திருக்கு.

"டீச்சர், சிப் பண்ணிக் குடிங்கன்னு எழுதியிருந்தேனே?"

"கொஞ்சமாத்தானே மேடம் சாப்பிடறேன்? எச்சல் பண்ணி எப்படித் தீர்த்தம் சாப்பிடறது? எங்காத்துல யாரும் டம்ளர்ல வாய் வைக்க மாட்டோம்"னாங்க. பல் தேய்ச்சுட்டுத்தான் காபி குடிப்போம்னு சொல்ற மாதிரி, அவ்வளவு சாதாரணமா சொன்னாங்க.

சிரிக்க வாயைத் திறந்தேன். அப்ப என் மடியில இருந்த என் தண்ணி பாட்டிலைப் பார்த்தேன். அதுல நானும் ஒரு நாள் கூட வாய் வெச்சதில்லை. லால்குடியில பொறந்து வளர்ந்த எங்க வீட்டுலயும் சொம்புல வாய் வெச்சா தலையில குட்டு விழும். நம்ம ஊர்ல பாதிப் பேர் அண்ணாந்துதான் குடிக்கிறோம். அந்தப் பாதிப் பேருக்கு உதட்டுல வெச்சு உறிஞ்சுங்கன்னு ஒரு தாளை எழுதிக் கொடுத்தவ, அதே தண்ணியை மடக் மடக்னு ஊத்திக்கிட்டு எழுதியிருக்கா. அதனாலதான் என் கண்ணுக்கு அது படலை.

வாய் வெச்சே ஆகணும்னு நான் சண்டை போடலை. "கோயில்ல தீர்த்தம் எப்படி வாங்கிப்பீங்க?"ன்னு கேட்டேன். "உத்தரணியால ஒரு ஸ்பூன் கைல சாதிப்பா, அதை அப்படியே..."ன்னு சொல்லிக்கிட்டே வந்தவங்க நிறுத்தினாங்க. கணக்கு டீச்சர் இல்லையா, விடை வந்துருச்சு. சாயங்காலமே வீட்டுக்காரர் சன்னதித் தெருக் கடையில புதுசா ஒரு சின்ன உத்தரணி வாங்கிட்டு வந்தாரு. "ஆத்துல இருக்கறது பெருமாளோடது. இது இவளோடது"ன்னு என்கிட்ட விளக்கம் வேற. அந்தக் குட்டிக் கரண்டியால, ஒண்ணு விட்டுட்டு கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. முப்பது மில்லிக்குக் கால் மணிநேரம். முதல் நாள் வாந்தி ரெண்டு தடவை. மறுநாள் ஒரு தடவை. அதுக்கு மறுநாள் இல்லை.

அன்னிக்கு சாயங்காலமே என் தாளைக் கிழிச்சுப் போட்டேன். அன்னிலேர்ந்து வீட்டுக்குப் போற ஒவ்வொருத்தரையும் என் எதிர்ல ஒரு தடவை குடிச்சுக் காட்டச் சொன்னேன். உங்க கையில இருக்கிற அழகான கலர் தாள்லயும் அது கிடையாது, அதனால நீங்களும் கேளுங்க. கேக்கும்போது கொஞ்சம் அசட்டுத்தனமாத்தான் இருக்கும், பரவாயில்லை.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு டீச்சர் என் கையில ஒரு நோட்டைக் கொடுத்தாங்க. எனக்கு போட்டோ அனுப்பின நோட்டு இல்லை. இது வேற. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. "பொய் எழுதறது மனசுக்கு ஒப்பலை. அதனால நிஜத்தை இதுல எழுதிண்டு வந்தேன்"னாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சேன். தேதி, மணி, எத்தனை தடவை, எல்லாம் பத்தி பத்தியா இருந்துச்சு. நான் கேட்டிருக்க வேண்டிய ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அதுல இருந்துச்சு. ஒவ்வொரு நாள் கடைசியிலயும் ஒரே வரி. "இன்னிக்கும் சொல்லலை. சொன்னா மேடம் சிரிப்பா." பதினெட்டு நாளும் அதே வரி.

நான் அழுதேன். வெட்கத்துல அழுதேன். அவங்க என்கிட்ட சிரிச்சதெல்லாம் எனக்காகச் சிரிச்சது. என் கிண்டலுக்கு மரியாதை கொடுத்து சிரிச்சுட்டு, வீட்டுக்குப் போய் கொல்லைப்பக்கம் நின்னிருக்காங்க.

அடுத்த மாசம் பார்க்க வந்தாங்க. ஒரு பீரியட்ல பாதி நின்னுக்கிட்டே எடுத்தேன்னு சொன்னாங்க. நான் கதவைச் சாத்திட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "சரிங்க. வேற ஏதாவது பிரச்சினை இருக்குங்களா? பொறுமையா சொல்லுங்க"ன்னு கவர்மென்ட் ஆபீஸ்ல கேக்கிற மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"ஏன் மேடம் உம்முனு இருக்கேள்? இப்படி இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு. நீங்க பாட்டுக்கு கேலி பண்ணுங்கோ. ஆனா நான் சொல்லி முடிச்சப்புறம் பண்ணுங்கோ."